சைன் தீட்டா

நான் படித்த பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பொதுக் கணிதம் மட்டும்தான். வட்டி, லாப நஷ்டம், பரப்பளவு, அதோடு சரி. திரிகோணமிதி எல்லாம் பையன்கள் பள்ளியில். கோயமுத்தூர் கல்லூரியில் ஒரு வருஷ பி.யூ.சி. படிப்பில் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள்: பௌதிகம் இருக்கிற பிரிவு, லீவிலேயே திரிகோணமிதி பார்த்துக்கொண்டு வாருங்கள், வகுப்பில் அதற்கு நேரமிருக்காது.

புத்தகம் வீட்டிலேயே இருந்தது, அண்ணனுடையது. அவன் அந்த வருஷம்தான் அதே பி.யூ.சி.யில் கணக்கிலும் பௌதிகத்திலும் தோற்று, அப்பாவின் பனியன் கம்பெனியில் நூல் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, இந்த சைன், காஸ் மட்டும் கொஞ்சம் சொல்லிக் குடேன்."

"பனியன் மடிக்கறதுக்கு சைன் எதுக்கு?" என்றான்.

அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். "அவன் தோத்த கணக்க நீ போட்டுக் காட்டோணுமா கண்ணு? உங்கப்பா அவன உசுரோட உடுவாரா?"

அவன் கம்பெனிக்குப் போனபிறகு புத்தகத்தை எடுத்துப் படித்தேன். ஒருநாள் பாதியில் வந்தவன் பார்த்துவிட்டான். புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனான். சாயங்காலம் திரும்பி வந்து, அதிலிருந்து கிழித்த கசங்கிய தாள்களை என் மடியில் போட்டான். நிட்டிங் மிஷின் துடைத்த எண்ணெய் அவற்றிலிருந்து சொட்டியது. "இந்தா, நல்லாப் படி."

அப்படியே கல்லூரிக்குப் போனேன். சாய்தளத்தில் வைத்த கட்டையின் மேல் எந்தெந்த விசை என்று விரிவுரையாளர் பலகையில் வரைந்தார். என்னை அழைத்துச் சாக்பீஸைக் கொடுத்தார். சைன் தீட்டா என்று எழுத வேண்டிய இடத்தில் என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. வகுப்பு முடிகிற வரை என்னை அங்கேயே நிற்க வைத்து, என்னைச் சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டே பாடம் நடத்தினார். "கொஞ்சம் தள்ளி நில்லு, மறைக்குது" என்று மட்டும் ஒருமுறை சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிக்காதவள் ஒருத்தி இருந்தாள். தினமும் என்னோடு திருப்பூரிலிருந்து ரயிலில் வருகிறவள். மறுநாள் பெட்டியில் தன் குடையைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். "இந்தக் குடை நீளம் கர்ணம், முக்கோணத்தோட சாஞ்ச பக்கம். நுனி எவ்வளவு உசரத்துல சுவத்தத் தொடுது பாருங்க. அந்த உசரத்த நீளத்தால வகுத்தா சைன். அவ்வளவுதானுங்க." குடையை நிமிர்த்தினாள், சாய்த்தாள். எனக்குப் புரிந்தது. புரிந்ததும் அழுகை வந்தது. இத்தனை சின்ன விஷயத்தையா எனக்குத் தரமாட்டேன் என்றார்கள்?

வருஷக் கடைசியில் நானும் பரீட்சை எழுதினேன், அண்ணனும் மறுபடி எழுதினான். முடிவு பேப்பரில் வந்த அன்று அப்பா இரண்டு பேரையும் கம்பெனிக்கு வரச் சொன்னார். என் நம்பர் இருந்தது, அவன் நம்பர் இல்லை.

அப்பா கட்டிங் மேஜையிலிருந்து அளவுக் கட்டையை எடுத்தார். மிஷின்களை நிறுத்தச் சொன்னார். ஆட்கள் எல்லோரும் பார்க்க அவனை அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் "பொட்டப்புள்ள பாஸு, நீ?" என்று கேட்டார். சத்தம் கேட்டு அம்மா வீட்டிலிருந்து ஓடிவந்தாள்.

"ஏனுங்க, உடுங்க! புள்ள செத்துப்போயிருவானுங்க!"

கட்டை முறிந்த பிறகுதான் விட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, மிகவும் சாந்தமாகச் சொன்னார்: "காலேஜ் போதும் கண்ணு. நீ இன்னும் படிச்சா இவன ஊருக்குள்ள எவன் மதிப்பான்?"

அந்த வீட்டில் அப்பாவுக்குப் பதில் பேசியவர் யாருமில்லை. அடுத்த வாரமே என்னை மடிப்பு மேஜையில் உட்கார வைத்தார்கள்.

கல்லூரி திறந்ததும் ரயில் தோழி வீடு தேடி வந்தாள். பி.எஸ்ஸி. பௌதிகத்தில் சேர்ந்திருந்தாள். நான் உள்ளே சுவரோரம் நின்றிருந்தேன். வாசலில் அம்மா, "அவ ஊட்டுல இல்லீங்க சாமி, கல்யாணம் பேசியாச்சுங்க" என்றாள். அப்போது யாரும் யாரோடும் எதுவும் பேசியிருக்கவில்லை. "அப்படீங்களா, ரொம்ப சந்தோசமுங்க" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அடி வாங்கிய நாளிலிருந்து அண்ணன் என்னோடு பேசவில்லை. நான் மடித்த பனியன்களை எண்ணாமலே எடுத்துக்கொண்டு போவான். முதுகில் காயம் ஆறிய பிறகும் பேசவில்லை.