முன் சீட்டில் வந்த சூடு

பள்ளிச் சீருடை தைக்கும் அந்த அம்மாளுக்கு ஐம்பத்தாறு வயது. முப்பது வருடமாக மிஷினை மிதித்துப் பிழைத்தவள். மிதித்த அந்தக் கால்தான் இப்போது எரிந்தது. சாயங்காலமானால் உள்ளங்கால் இரண்டும் தீயாய்க் காயும். பச்சைத் தண்ணீரில் முக்கி வைத்தால்தான் அடங்கும்.

கணவர் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் இருப்பது அவருடைய அப்பா வாங்கிய கார். அதை அவர் துடைக்கிற துடைப்பைப் பார்த்தால் எந்த மனைவிக்கும் பற்றிக்கொண்டு வரும். துணி எடுக்கவும் தைத்ததைக் கொடுக்கவும் அதில்தான் அவளைக் கூட்டிப்போவார். முன் சீட்டில் உட்கார்ந்தால் காலடியில் சூடான காற்று வருகிறது என்று அவள் ஒன்பது வருடமாகச் சொன்னாள். "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று அவரும் ஒன்பது வருடமாகச் சொன்னார். மூன்று மெக்கானிக்குகள் ஓட்டிப் பார்த்தார்கள். மூன்று பேருமே ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டினார்கள். பக்கத்து சீட்டில் யார் போய் உட்காரப் போகிறார்கள்? வண்டியில் கோளாறே இல்லை என்று கைகழுவினார்கள்.

ஒரு டாக்டர் நரம்பு என்றார். இன்னொரு டாக்டரும் நரம்பு என்றார், மாத்திரையின் நிறம் மட்டும் மாறியது. "ஆறு மாசம் மிஷினை மிதிக்காதீங்க" என்று அவர் சொன்னபோதுதான் இவள் பயந்துபோனாள். ஆறு மாதம் தைக்காவிட்டால் பள்ளிக்கூடம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும். கால் இனிமேல் தேறவே தேறாதோ என்ற பயம் அதைவிடப் பெரிது.

ஆனால் அவள் லேசில் விடுகிற ஆள் இல்லை. இரண்டு வாரம் பஸ்ஸிலேயே போய் வந்தாள். எரியவில்லை. ஒரு நாள் காரில் போனாள். எரிந்தது.

"பஸ்ல போனா ஒண்ணுமில்ல. உங்க கார்ல போனாதான் எரியுது."

"பஸ்ல நின்னுக்கிட்டே போற. ரத்த ஓட்டம் நல்லா இருக்கும்."

"என் ரத்தத்தை விடுங்க. வண்டியை எடுங்க."

நாலாவது மெக்கானிக்கும் வழக்கம்போல ஸ்டியரிங் பக்கம்தான் போனார். அவள் மறித்தாள். "தம்பி, அவர் ஓட்டட்டும். நீங்க என் சீட்டுல உக்காருங்க."

அரை மணி நேரத்தில் வண்டி திரும்பியது. மெக்கானிக் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். "அக்கா, ஒன்பது வருஷமா இதுலயா உக்காந்து வர்றீங்க?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தான் சொன்னதை இன்னொரு வாய் சொல்லிக் கேட்பது அதுதான் முதல் தடவை.

மெக்கானிக் போனட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "இன்ஜின்ல இருந்து சுடுதண்ணி இந்த வால்வு வழியாதான் உங்க சீட்டுக் காலடியில இருக்கிற ஹீட்டருக்குப் போகுது. வேண்டாதப்ப மூடிடணும். இதை யாரோ திறந்து வெச்சு கம்பி போட்டு இறுக்கியிருக்காங்க. உள்ள லீவரை எப்படித் தள்ளினாலும் மூடாது."

"எதுக்கு அப்படிக் கட்டணும்?"

"ரேடியேட்டர் அடைச்சுப்போன வண்டிக்கு இப்படிப் பண்ணுவாங்க. இன்ஜின் சூட்டுல பாதி உக்கார்றவங்க பக்கம் வந்துடும். இன்ஜின் தப்பிச்சுக்கும்."

கணவர் ஷெட் சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர்களை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்தும் யாரும் பேச்சை மாற்றவில்லை.

"யாரோ இல்ல, நான்தான்" என்றார். "மேட்டுல ஏறும்போது ஒரு தடவை கொதிச்சு நின்னுது. ஒரு லாரி டிரைவர் சொல்லிக் கொடுத்தார். ரேடியேட்டரை மாத்தினா அப்பா வாங்கின வண்டி மாதிரி இருக்காதேன்னு பார்த்தேன். நீ சூடுன்னு சொன்னப்ப... சொல்ல வாய் வரல."

அவள் முதலில் சிரித்தாள். "அப்ப என் காலுக்கு ஒண்ணும் இல்ல!" என்று மெக்கானிக்கிடம் இரண்டு தடவை சொன்னாள். வண்டியை விட்டுவிட்டு இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். பாதி வழியில்தான் அவளுக்குக் கோபம் வந்தது. நின்றுவிட்டாள்.

"சூட்டைக்கூட விடுங்க. ரெண்டு டாக்டர்கிட்டயும் கூடவே வந்தீங்க. நரம்புன்னு அவங்க சொன்னப்ப பக்கத்துல உக்காந்து தலையை ஆட்டினீங்க. மாத்திரையை உங்க கையாலதான் எடுத்துக் கொடுத்தீங்க."

பஸ் வந்தது, ஏறினார்கள்.

மெக்கானிக் வேறு ரேடியேட்டர் போட்டு, வால்வையும் மாற்றிக் கொடுத்தார். அவள் மாத்திரைகளைக் குப்பையில் கொட்டிவிட்டு மறுநாளே மிஷினில் உட்கார்ந்தாள். இன்றைக்கும் அவர் ஓட்டும் காரில்தான் போய் வருகிறாள், ஆனால் பின் சீட்டில். முன் சீட்டுக் காலடியில் இப்போது காற்று ஜில்லென்று வருகிறதாம். அவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.