பாதித் தீனி

என் அண்ணனைத் தெருவே பீரோ என்றுதான் கூப்பிடும். தோளைச் சாய்த்துக்கொண்டுதான் வாசலுக்குள் நுழைவான். அண்ணி அவன் நெஞ்சு உயரம்கூட இல்லை. "பீரோவும் சாவியும் வருது" என்று நான் கேலி செய்தால் அவளும் சேர்ந்து சிரிப்பாள். வயிற்றில் பிள்ளை தங்கிய பிறகு சிரிப்பது நின்றுபோனது. தட்டில் பாதியை மிச்சம் வைத்து எழுந்துவிடுவாள். மசக்கை என்று நினைத்தோம்.

குதிரைப் பண்ணையில் சினைக் குதிரைகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அந்த வருஷம் ஒரு குட்டையான பெண் குதிரையை, பண்ணையிலேயே பெரிய ஆண் குதிரையோடு சேர்த்துவிட்டார்கள். குட்டி அப்பனைப் போல வளர்ந்துவிட்டால் வெளியே வராது, தாய் செத்துப்போகும் என்று மேனேஜருக்குப் பயம். தாயின் தீனியைப் பாதியாகக் குறைக்கச் சொல்லிவிட்டார். அதிமேதாவி!

அந்தக் குதிரை அண்ணியையே பார்த்துக்கொண்டிருக்கும். அவள் உட்கார்ந்தால் அதுவும் படுக்கும். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் அதுவும் எழும். ஒருநாள் லாயத்துக்குப் போன நான் இதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"அதுக்கு என்ன ஆகுதோ அதான் எனக்கும்," என்றாள் அண்ணி.

குதிரைகள் ஆள் அரவமில்லாத இருட்டில்தான் பெரும்பாலும் ஈனும். இது பட்டப்பகலில், நானும் அங்கே இருக்கும்போது, அண்ணியின் முகத்தைப் பார்த்தபடியே, சத்தமில்லாமல் ஈன்றது. மேனேஜர் இழுப்பதற்குக் கயிறு தேடி வருவதற்குள் குட்டி வைக்கோலில் கிடந்தது. தாய்க்கேற்ற அளவு, கொழுகொழு உடம்பு. அண்ணி விம்மி அழுதுவிட்டாள். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

குட்டியைப் பார்க்க வந்த கால்நடை டாக்டர் மேனேஜரைப் பிடித்துக்கொண்டார். "அப்பன் எவ்வளவு பெருசா இருந்தா என்ன சார்? தாய் வயித்துல இருக்கிற இடத்துக்குத்தான் குட்டி வளரும். பட்டினி போட்டா குட்டி உள்ளேயே செத்துடலாம். நல்லவேளை, இதுக்கு யாரோ வயிறு நிறைய போட்டிருக்காங்க."

"நான்தான்," என்றாள் அண்ணி. "பசியோட சாகவேணாம்னு ஒளிச்சு ஒளிச்சுப் போட்டேன்."

தாய்க்குதிரை எழுந்தது. குட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக அண்ணியிடம் வந்து, அவள் வயிற்றில் மூக்கை வைத்து, காதுகளை விறைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. பிறகு வெடுக்கென்று பின்வாங்கியது.

அண்ணி என் கையைப் பிடித்தாள்.

"நான் மட்டும்தான் பாதி சாப்பிட்டேன்," என்றாள். "முந்தாநாள்லேர்ந்து உள்ள உதைக்கவே இல்ல. சின்னதா இருக்கு, சுலபமா வந்துடும்னு சந்தோஷப்பட்டுட்டு இருந்தேன்."