மருமகனுக்கு வைத்த முழுக்கோழி

மகளின் கல்யாணம் முடிந்து ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை. மருமகனின் பகல் விருந்துக்கு ஒன்றேகால் கிலோ கோழியை முழுதாக ரோஸ்ட் செய்தேன். எங்கள் ஊரான சாய்ந்தமருதில் புது மருமகன் முன்னால் வைக்கும் கோழியில் ஒரு துண்டும் குறையக்கூடாது.

பன்னிரண்டு பத்துக்கு ஓவனைத் திறந்தபோது என் கணவர் அருகில் வந்து நின்றார்.

"ஒரு கால உடைச்சித் தா புள்ள, நல்லா மணக்குது."

"மருமகனுக்கு நொண்டிக் கோழியா வைக்கிற? ஜும்ஆ தொழுதிட்டு வாங்க."

"ஓம், நான் இப்ப பழைய மாப்பிள்ளதானே," என்று சிரித்தபடி போனார்.

பள்ளிவாசலில், சுஜூதில் தரையில் வைத்த தலையை அவர் அதன்பின் உயர்த்தவேயில்லை. மருமகன்தான் ஓடிவந்து சொன்னார்.

எங்கள் இருபத்தாறு வருட வாழ்க்கையில், நான் வைத்ததைச் சாப்பிட்டாரே தவிர, இது வேண்டும் என்று அவர் கேட்டதில்லை. அன்றுதான் கேட்டார்.