கன்னியம்மாளின் தொட்டிச் சுவர்

“மலையப் பாரு. கண்ண மூடாத. கோபுரம் தெரியுதா? ஆங், அதையே பாத்துகினு இரு.”

வந்தவர் கழுத்தை நிமிர்த்தி மலையைப் பார்க்கும்போது, கன்னியம்மாள் ஈரம் காயாத கட்டைவிரலால் அவருடைய கீழிமையை இழுத்துப் பார்க்கிறார். முதலில் இடது கண், பிறகு வலது. வெயில் ஏறுவதற்கு முன்னால், கேட்டுக்கு வெளியே, நின்றபடியே இது நடக்கும். நகரிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் மலையைப் பார் என்பதையே தெலுங்கில் “கொண்ட சூடு” என்பார். தமிழானாலும் தெலுங்கானாலும் குரலில் அதே அலுப்புதான். கண்ணில் காமாலை மஞ்சள் இல்லாவிட்டால், “ஒண்ணுமில்ல, தூக்கம் கெட்ட கண்ணு. போய்த் தூங்கு” என்று அனுப்பிவிடுகிறார். இருந்தால் கையை நீட்டுகிறார்.

“காயிதம் எங்க?”

காயிதம் என்பது ரத்தப் பரிசோதனைச் சீட்டு. அது இல்லாமல் கீழாநெல்லியில் ஓர் இலையைக்கூட அவர் கிள்ளுவதில்லை.

வயது ஐம்பத்துநாலு. பகலில் கல்யாண மண்டபங்களில் காய் நறுக்கப் போகிறார். முகூர்த்த நாளில் இரண்டு மூட்டை வெங்காயம் உரித்துவிட்டு வந்த கை, மறுநாள் காலையில் தூதுவளை முள்ளில் படும்போது எரியுமாம். கணவர் ஆதிகேசவனுக்குத் திருவாலங்காட்டுச் சர்க்கரை ஆலையில் வேலை. அரவை இல்லாத மாதங்களில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற போகிறவர்களிடம் மனைவியைப் பற்றிக் குறை சொல்வார். “இவ இல்லன்னா கவர்மெண்ட் ஆஸ்பத்திரிய இழுத்து மூடிடுவாங்க சார்!” கன்னியம்மாள் திரும்பிப் பார்க்காமலே பதில் சொல்வார்: “நீ பேசாம இரு பாவா. நாக்குக்கு மட்டும் சீசனே முடியறதில்ல.”

அவர்கள் வீட்டுக்கும் எங்கள் அப்பா வீட்டுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர். ஷார்ஜாவிலிருந்து வருஷத்துக்கு முப்பது நாள் லீவில் வருகிற நான், அந்தச் சுவரில் முழங்கையை ஊன்றித்தான் பாதிக் காலைப்பொழுதைக் கழிக்கிறேன்.

வீட்டுக்குப் பின்னால் கால் கிரவுண்டு இடம். நடுவே செங்கல் பதித்த ஒற்றையடிப் பாதை. இடப்பக்கம் புதினா, கொத்தமல்லி, வெந்தயக்கீரை, புளிச்சக்கீரை, மூலையில் கறிவேப்பிலை மரம். வலப்பக்கம் கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி, ஆடாதொடை, தூதுவளை, கற்பூரவல்லி. பெயின்ட் டப்பா, சிமெண்டு சாக்கு, வாய் உடைந்த குடம் என்று மண் நிற்கக்கூடிய எதுவும் அங்கே தொட்டிதான். மண்டபத்தில் வீணாகும் டீத்தூள் சக்கையை வாளியில் கொண்டுவந்து இரண்டு பக்கத்துக்கும் பாரபட்சமில்லாமல் போடுகிறார். மலைக் குரங்குகள் மட்டும் பாரபட்சம் பார்க்கும். இடப்பக்கத்தைத்தான் பிடுங்கும். “அதுக்குக் கூட மருந்து புடிக்கல பாரு நைனா” என்பார் என்னிடம்.

இடப்பக்கம் விற்பனைக்கு, கட்டு பத்து ரூபாய். வலப்பக்கம் சும்மா. மருந்துக்குக் காசு வாங்கினால் பலிக்காது என்பது அவர் கொள்கை. கேட்டைத் தாண்டிப் போகிற விதமும் இரண்டு. புதினா வாங்கியவர்கள் “போய்ட்டு வரேங்க்கா” என்று சொல்லிக்கொண்டு போகலாம். தழை வாங்கியவர்கள் வாயைத் திறக்கக் கூடாது, திரும்பியும் பார்க்கக் கூடாது. மருந்து வாங்கிய இடத்துக்கு மறுபடி வருகிறேன் என்று யாராவது சொல்வார்களா? கன்னியம்மாளும் “வாங்க” என்று சொல்லமாட்டார். தழையைக் கையில் வைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு களை பிடுங்க உட்கார்ந்துவிடுவார். இருபது வருஷமாக அவரிடமிருந்து மனிதர்கள் இப்படி முதுகைக் காட்டியபடி, பேசாமல் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

திரும்பி வராதவர்களுக்கெல்லாம் குணமாகிவிட்டது என்றுதான் அவர் கணக்கு வைத்திருந்தார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் கண்ணையன் வந்தார். அரக்கோணத்தில் மூட்டை தூக்குகிறவர், நல்ல ஆகிருதி. கண் இரண்டும் மஞ்சள் கிழங்கு நிறம். ஏழு நாளைக்குத் தழை வாங்கிக்கொண்டு, முறைப்படி ஒன்றும் சொல்லாமல் போனார். பிறகு வரவில்லை. “அரக்கோணத்து ஆளு, எம்மாம் மஞ்ச தெரியுமா? நம்ம தழையிலதான் சரியாச்சு” என்று கன்னியம்மாள் வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். ஒரு மாதம் சொன்னார். ஒரு நாள் கல்யாண வேலைக்காக அரக்கோணம் போனபோது, பஸ் நிறுத்தத்தின் பின்சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது. கண்ணையன் கழுத்தில் மாலையுடன் சிரித்துக்கொண்டிருந்தார். முப்பதாம் நாள் காரியத்துக்கான போஸ்டர்.

“எளுத்து எனக்கு அவ்ளோவா வராது நைனா. மூஞ்சி தெரியும் இல்ல?” இதை அவர் சொன்னது ஒரே ஒரு தடவைதான், கொத்தமல்லி வேரைக் கழுவிக்கொண்டே. “ஆஸ்பத்திரிக்கே போவலியாம். தழை சாப்பிடறோமேன்னு வூட்லயே படுத்துகினு இருந்திருக்கான்.”

அதற்குப் பிறகு வந்ததுதான் காயிதச் சட்டம். இன்னொன்றும் வந்தது. கிணற்றடி சிமெண்டுத் தொட்டியின் வெளிச்சுவரில், தழை வாங்குகிறவர் பெயரையும் போன் நம்பரையும் அவர்களையே அடுப்புக்கரியால் எழுதச் சொல்கிறார். எட்டாம் நாள் இவரே போன் செய்கிறார். “நீ வராத. நான் கேக்கறேன், அவ்ளோதான். மஞ்ச எறங்குச்சா?” இறங்கிவிட்டது என்றால் ஈரக்கையால் அந்த நம்பரைத் துடைத்துவிடுவார். சுவரில் எப்போதும் மூன்று நாலு நம்பர்கள் இருக்கும். இடதுமூலையில் நம்பரே இல்லாமல் ஒரு பெயர் மட்டும் இருக்கிறது. மழையில் கரைந்தால், கோணல் எழுத்தில் கன்னியம்மாளே மறுபடி எழுதுகிறார்.

“யாராவது கேஸு கீசு போட்டா என்னக்கா பண்ணுவே? இதையெல்லாம் விட்டுடேன்” என்று நான் ஒவ்வொரு லீவிலும் சொல்கிறேன்.

“வுட்டுட்டா வர்றவன் வேற எவங்கிட்டயோ போவான். அவன் காயிதம் கேப்பானா?” இடுப்பைப் பிடித்தபடி எழுந்திருக்கிறார். “எனக்கு மட்டும் ஆசையா? அயந்து பூட்ச்சு நைனா.”

இந்த ஆவணியில் பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு தம்பதி மொபெட்டில் வந்தார்கள். தறி ஓட்டுகிற பிரகாஷ், அவன் மனைவி சுஜாதா. வண்டியை ஓட்டி வந்தவள் சுஜாதா. அவன் பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மலையைப் பார்க்கச் சொன்னதும் அவன் தலை கிறுகிறுத்துக் கேட்டைப் பிடித்துக்கொண்டான். காயிதம் இல்லை. கன்னியம்மாள் அங்கிருந்தே திருப்பி அனுப்பினார். மத்தியானம் சீட்டோடு வந்தார்கள். சீட்டைப் படிப்பது லீவு நாட்களில் என் வேலை. சுவருக்கு மேலே நீட்டினார். வாங்கி, பிலிருபின் என்ற வரியைத் தேடினேன்; சாதாரணமாக ஒன்றைச் சுற்றியே இருக்க வேண்டிய எண் அது.

“எவ்ளோ?”

“பதினொண்ணு புள்ளி ரெண்டு.”

கன்னியம்மாள் சுஜாதா பக்கம் திரும்பினார். “டாக்டரு இன்னா சொன்னாரு?”

“பெட்ல சேரச் சொன்னாருக்கா. இவருதான் தழை வாங்கிக்கலாம், தறி நின்னு பூடும்னு…”

“தறி நிக்கட்டும். நீ நிக்கறியா, அதப் பாரு” என்றார் பிரகாஷிடம். பிறகு உள்ளே போய் ஒரு பிடி கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி வந்தார். “இந்தா. போய் ஆஸ்பத்திரில படு. இதக் குடுக்கலாமான்னு டாக்டரண்ட கேளு. குடுன்னா குடு. வேணான்னா தூக்கிப் போடு. நம்பர எளுது.”

சுஜாதா தொட்டிச் சுவரில் எழுதினாள். ஒன்றும் சொல்லாமல் போனார்கள். கன்னியம்மாள் களை பிடுங்க உட்கார்ந்தார். அன்று அவர் பிடுங்கியதில் பாதி வெந்தயக்கீரை.

மூன்றாம் நாளே போன் செய்தார். சுவிட்ச் ஆஃப். ஐந்தாம் நாள் மண்டபத்தின் சமையல்கட்டிலிருந்து செய்தாராம், சாம்பார் கொதிக்கிற சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு. அப்போதும் அதேதான். எட்டாம் நாள் என் போனிலிருந்து போடச் சொன்னார். “ஒருவேள என் நம்பர்னா எடுக்கமாட்டாங்களோ இன்னாவோ.” என் போனிலும் அதே பதிவுசெய்த குரல். ஆதிகேசவன் கூட அன்று கிண்டல் செய்யவில்லை. “ஒரு எட்டு பேட்டைக்குப் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்” என்று சட்டையைப் போட்டார். கன்னியம்மாள் தடுத்துவிட்டார்.

“வோணாம். போஸ்டர் ஒட்டியிருந்தா வந்து சொல்லுவியா நீ?”

பதினோராம் நாள் காலை. மொபெட் வந்து நின்றது. சுஜாதா மட்டும் இறங்கினாள். கன்னியம்மாள் புதினாப் பாத்தியில் குந்தியிருந்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் பார்வை சுஜாதாவின் நெற்றியில் இருந்த குங்குமத்துக்குப் போய்விட்டுக் கீழே இறங்கியது. சுஜாதா வலப்பக்கத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. பத்து ரூபாயை நீட்டினாள்.

“புதினா ஒரு கட்டு குடுக்கா.”

“யாருக்கு?”

“வூட்டுக்குத்தான். எண்ண இல்லாம தொவையல் வெச்சிக் குடுன்றாரு. பத்து நாளா கஞ்சியத் தவிர ஒண்ணும் எறங்கல. இன்னைக்குத்தான் வாயத் தொறந்து கேட்டாரு.”

“போன் இன்னா ஆச்சு?”

“ஆஸ்பத்திரில சார்ஜ் போட்டிருந்தேன். எவனோ தூக்கினு பூட்டான்.”

“தழை?”

சுஜாதா தயங்கினாள். “டாக்டரு வேணான்ட்டாருக்கா. தூக்கிப் போட மனசு வல்ல. முருகர் படத்தண்ட வெச்சிருக்கேன்.”

“நல்லது.” கன்னியம்மாள் முகத்தை முந்தானையால் துடைத்தார். “வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறதுக்கு இன்னாடி?”

“மருந்து வாங்கின எடத்துக்குத் திரும்பி வரக்கூடாதே! அதான், தொவையல் கேக்கட்டும்னு காத்துகினு இருந்தேன்.”

கன்னியம்மாள் கட்டைக் கொடுத்தார். மேலே இன்னொரு பிடி வைத்தார். பத்து ரூபாயை மட்டும் மறக்காமல் வாங்கி இடுப்பில் செருகினார். அது இடப்பக்கத்து வியாபாரம்.

“போய்ட்டு வரேங்க்கா” என்றாள் சுஜாதா, தெருவுக்கே கேட்கிறமாதிரி.

“வா, வா” என்றார் கன்னியம்மாள்.

மொபெட் சத்தம் தெருமுனையில் அடங்கும்வரை நின்றார். பிறகு தொட்டித் தண்ணீரில் கையை நனைத்து, சுஜாதா எழுதிய பத்து எண்களையும் ஒவ்வொன்றாகத் துடைத்தார். கரித்தண்ணீர் சுவரில் வழிந்து இடதுமூலைப் பக்கம் ஓடிற்று. சட்டென்று குனிந்து, கண்ணையன் பெயருக்கு மேலே உள்ளங்கையைக் குறுக்கே வைத்து, தண்ணீர் அதன்மேல் படாமல் தரைக்குத் திருப்பிவிட்டார்.