மல்லாட்டைத் தோல் பலகை

பிள்ளைச்சாவடியைத் தாண்டி நான் நடந்துகொண்டிருந்தபோது வெயில் இன்னும் உச்சிக்கு வரவில்லை. கடலோரத்து ஐஸ் கம்பெனியில் பார்த்த வேலையை அன்று காலையில்தான் விட்டிருந்தேன். சண்டை ஒன்றும் இல்லை. விரல்கள் மரத்துப்போய்ச் சோறு பிசைய முடியவில்லை, அவ்வளவுதான். தோளில் ஒரு பை, அதில் இரண்டு லுங்கி, ஒரு போர்வை. தவளக்குப்பம் போய், அங்கிருந்து கடலூர்ப் பக்கம் ஏதாவது பார்க்கலாம் என்று நினைப்பு. எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து எனக்கு வேலை கிடைப்பது இப்படித்தான். ஒன்றை விட்டு நடப்பேன், வழியில் இன்னொன்று வரும்.

அன்று வந்தது ஒரு குட்டியானை வண்டி. பின்னால் மூட்டைகளைத் தென்னை மர உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். என்னைத் தாண்டிப் போகும்போது கயிறு தளர்ந்து மேல் மூட்டை ஒன்று ரோட்டில் விழுந்தது. தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். மூட்டை என் உயரம் இருந்தது, ஆனால் கனம் இல்லை. உள்ளே வேர்க்கடலைத் தோல். எங்கள் பக்கம் வேர்க்கடலையை மல்லாட்டை என்போம். வண்டி நின்றது. ஓட்டி வந்தவர் தொப்பியும் நரைத்த தாடியுமாக இறங்கினார்.

"எதுவரைக்கும் தம்பி?"

"டவுன் தாண்டி."

"அப்ப மேல ஏறி மூட்டைய அமுக்கிக்கினு ஒக்காரு. எறக்கும்போது ரெண்டு கை போடு. சாப்பாடு நம்மளுது."

ஏறி உட்கார்ந்தேன். அவருடைய கொட்டகை லாஸ்பேட்டையில், விமான நிலையச் சுவருக்குப் பின்னால் இருந்தது. வாசலில் மரத்தூள் குவியல், உள்ளே அரவை இயந்திரம், ஒரு கலக்கும் தொட்டி, நடுவில் பெரிய இரும்பு பிரஸ். பிரஸ் பக்கத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அக்கா நின்றிருந்தார். ஊரில் துணி மில் ஓடிய காலத்தில் அங்கே தறியில் நின்றவர். மில் மூடியபின் சித்தாள் வேலை, ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை என்று சுற்றிவிட்டு இங்கே வந்திருந்தார். நான் வண்டியிலிருந்து குதித்ததும் என் லுங்கியின் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"பாய், யாரு இது? வண்டியிலயே வேலைய முடிச்சிட்டு வந்துட்டாரு போலக்குது."

தடவிப் பார்த்தேன். லுங்கி ஈரமாக இருந்தது. வியர்வை என்றார் பாய். வியர்வைக்கு இப்படி ஒரு ஈரம் வராது என்றார் அக்கா. எனக்கு அப்போதுதான் உறைத்தது. திண்டிவனம் பக்கத்தில் மல்லாட்டை உடைக்கும் மில் ஒன்றில் ஒரு அறுவடைக் காலம் முழுக்க இருந்திருக்கிறேன். உடைக்கும் முன் கொட்டை மேல் தண்ணீர் தெளித்து ஊறவைப்பார்கள். காய்ந்த கொட்டையை அப்படியே போட்டால் பருப்பு இரண்டாக உடைந்துவிடும், வாங்குகிறவன் அதற்கு விலை குறைப்பான். தெளிக்கிற தண்ணீர் எல்லாம் தோலில் நிற்கும். அதைச் சொன்னேன்.

பாய் நம்பவில்லை. ஒவ்வொரு மூட்டையையும் வாய் அவிழ்த்துப் பார்த்துத்தான் வாங்குவதாகவும் எல்லாம் சருகு மாதிரி இருப்பதாகவும் சொன்னார். மில் முற்றத்து வெயிலில் மூட்டைகள் நிற்பதால் வாய் காய்ந்திருக்கும் என்றேன். அக்கா ஒரு மூட்டையில் தோள் வரைக்கும் கையை விட்டார். கையை வெளியே எடுத்து பாயின் கன்னத்தில் வைத்தார்.

"சில்லுனு இருக்குதா?"

பாய் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

அவருக்கு அது சாதாரண செய்தி இல்லை. தோலையும் சவுக்கு மரத்தூளையும் பசையில் கலந்து, தட்டில் பரப்பி, சூடான இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவில் அழுத்தினால் பலகை வரும். தகரக் கூரைக்கு அடியில் அடித்தால் அறையில் சூடு இறங்காது. ஆனால் சில மாதங்களாகப் பாதிப் பலகைகள் பிரஸ்ஸைத் திறந்ததும் பூரி போல உப்பிக்கொண்டன. பாய் பசையைச் சந்தேகப்பட்டு, பசைக்காரர்களை மாற்றி மாற்றிச் சண்டை போட்டிருந்தார். வாங்கினவர்கள் ஒவ்வொருவராகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மிச்சம் ஒரே ஒரு ஆள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர்களை இந்த ஊரில் சொல்தா என்பார்கள். மொட்டை மாடியில் வாடகைக்கு அறைகள் கட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் கடைசியாக ஒருமுறை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவரும் வேண்டாம் என்றால், கொட்டகைச் சாவியை மச்சானிடம் கொடுத்துவிடுவதாக பாய் வீட்டில் ஒப்புக்கொண்டிருந்தார். மச்சானுக்குத் தண்ணீர் கேன் அடுக்க இடம் வேண்டுமாம்.

இதையெல்லாம் மூட்டை இறக்கும்போது அக்காதான் சொன்னார். பாய் காதில் விழும்படியே சொன்னார்.

"தாத்தா காலத்துலேர்ந்து மரக்கடை வச்ச குடும்பம். மரத்தத் தட்டியே உள்ள ஓட்டை இருக்குதான்னு சொல்லிடுவாரு. மூட்டையில கைய வுட மட்டும் தெரியில."

"நீயும்தானக்கா பாத்துக்கினு இருந்த," என்றார் பாய்.

"நான் பிரஸ்ஸாண்ட இருக்கறவ. மூட்டை வாங்கறது யாரு?"

வெயில் இன்னும் இருந்தது. மூன்று பேருமாக மூட்டைகளை இழுத்துப்போய் விமான நிலையச் சுவரோரம் தார் ரோட்டில் கொட்டிப் பரப்பினோம். தார் கொதித்தது. தோல் அரை விரல் கனத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று அக்கா காலால் கிளறிக்கொண்டே போனார். குடியிருப்புகளிலிருந்து ஸ்கூட்டரில் வந்தவர்கள் முதலில் ஒதுங்கிப் போனார்கள். ஒதுங்க வேண்டாம், மேலேயே ஏற்றிப் போங்கள், நொறுங்கினால் எங்களுக்கு அரவை மிச்சம் என்று அக்கா கையைக் காட்டினார். கல்லூரிப் பிள்ளைகள் அதற்காகவே திரும்பி வந்து இன்னொரு முறை ஓட்டினார்கள். நாலு மணி வாக்கில் வாரினோம். ரோட்டு மணலும் சேர்ந்து வந்தது. மணல் பலகைக்குள் போனால் தச்சனின் ரம்பம் போய்விடும். அதனால் அக்கா முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் புடைத்தார். நான் அள்ளி அள்ளிக் கொடுத்தேன்.

பிரஸ் ஓடத் தொடங்கியபோது சாயங்காலம். பசை வாடையில் கண் எரிந்தது. முதல் பலகைக்குப் பிரஸ்ஸைத் திறக்கும்போது மூன்று பேரும் காதைக் கொடுத்து நின்றோம். ஈரம் இருந்தால் உள்ளே மாட்டிய ஆவி 'புஸ்' என்று வெடித்து வெளியே வரும். சத்தம் எதுவும் இல்லை. பலகை அடையைப் போல இறங்கியது. பாய் தட்டிப் பார்த்தார், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். ஒரே சத்தம். அடுத்தது, அதற்கு அடுத்தது, எல்லாம் அப்படியே வந்தன. கடைசிப் பலகைக்கு மட்டும் தோல் போதவில்லை. பாய் ஆசைப்பட்டு, ரோட்டில் இடம் போதாமல் பரப்பாமல் விட்ட ஒரு மூட்டையிலிருந்து இரண்டு கூடை சேர்த்தார். அது திறக்கும்போதே உப்பிக்கொண்டு ஓரத்தில் பிளந்தது.

உடைத்துப் போட்டுவிடலாம் என்றார் பாய். உடைப்பானேன், எனக்குப் படுக்க ஆகும் என்றேன். அவர்கள் வீட்டுக்குப் போனபின் அதையே தரையில் போட்டுப் போர்வையை விரித்துக்கொண்டேன். ஐஸ் கம்பெனித் தரையைவிட எவ்வளவோ மேல்.

மறுநாள் விடியும்போதே, சொல்தா நடைப்பயிற்சிக்குக் கிளம்பியவர் அப்படியே வந்துவிட்டார். வெள்ளைக் காலுறை, கையில் குடை. பாயும் வரவில்லை, அக்காவும் வரவில்லை. அவர் நின்றது என் தலைமாட்டில்.

"எனக்குக் குடுக்கப் போற பலகை இதுதானா?"

எழுந்து போர்வையைச் சுருட்டினேன். உப்பல் அவர் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. மறைக்க இடமில்லை. மறைக்கத் தோன்றவும் இல்லை.

"இது இல்லீங்க. இது ஈரத் தோல்ல போட்டது. உங்களுது அங்க சாச்சிக்குது."

"போன தடவ பசை சரியில்லன்னாரு. அதுக்கு முந்தின தடவயும் பசைதான். இப்ப தோலா?"

"பசை மேல தப்பு இல்லீங்க. அவரே நேத்துதான் தெரிஞ்சிக்கினாரு. மூட்டையில கைய வுட்டுப் பாருங்க."

பரப்பாமல் மிச்சம் வைத்த மூட்டையைத் திறந்து காட்டினேன். அவர் குடையை என்னிடம் கொடுத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு கையை விட்டார். பிறகு சுவரில் சாய்த்திருந்த பலகைகளிடம் போனார். ஒன்றை இழுத்து இரண்டு செங்கல் மேல் படுக்க வைத்து அதன் நடுவில் ஏறி நின்றார். லேசாகக் குதித்தார். பலகை வளைந்து திரும்ப நேரானது. கீறலே இல்லை. உப்பின பலகையின் மேலும் காலை வைத்துப் பார்த்தார். அது நொறுக்கென்று உள்ளே போனது.

பாய் வந்து சேர்ந்தது அப்போதுதான். வாசலிலேயே செருப்போடு நின்றுவிட்டார். பின்னால் அக்கா.

"பாய்," என்றார் சொல்தா, "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சி நீ முன்னாடியே காட்டியிருந்தா எனக்கு இவ்ளோ நடை மிச்சம். மூணு ரூமுக்கும் அடிச்சிடலாம். ஆனா எல்லாத்துலயும் இந்தச் சத்தம் வரணும்." என்னிடமிருந்து குடையை வாங்கி, நல்ல பலகையை அதன் காம்பால் ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார்.

அவர் போனதும் பாய் முதலில் செய்தது போனை எடுத்ததுதான்.

"மச்சான், கேனுக்கு வேற எடம் பாரு," என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "இல்ல, சாவி இங்கயே இருக்கட்டும்," என்று வைத்துவிட்டார்.

அக்கா உப்பின பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். படுக்கைக்கு இனிமேல் வேறு வழி பார்க்க வேண்டும் என்றார். மூன்று அறைக்கான தோலைத் தினமும் ரோட்டில் கொட்டினால் குடியிருப்புக்காரர்கள் விடமாட்டார்கள், பக்கத்து மொட்டை மாடியைக் கேட்டுவிடலாம் என்று பாய் சொன்னார். ஏற்ற, பரப்ப, கிளற, புடைக்க ஒரு ஆள் வேண்டும். எத்தனை நாள் இருப்பேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. டீ குடித்துவிட்டு ஆரம்பிக்கிறேன் என்றேன். குடித்து முடிப்பதற்குள் பாய் பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு வந்திருந்தார். ஈர மூட்டை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வீட்டுப் படியேறினேன். மேலே தளம் அதற்குள் சுடத் தொடங்கியிருந்தது. மூட்டையின் வாயை அவிழ்த்துக் கொட்டினேன்.