குடியுரிமைக்கு ஒரு டியூசன்

எங்கள் ஒழுங்கையில் வெளிநாட்டுக் குடியுரிமை நுழையாத வீடு கிடையாது. ஒரு வீட்டில் கனடா, அடுத்ததில் சுவிஸ், மூலை வீட்டில் பிரான்ஸ். எல்லோரும் இங்கிருந்து போய் எடுத்தவர்கள். வெளியிலிருந்து வந்து இலங்கைக் குடியுரிமைக்கு நாயாய் அலைந்தவள், கிளிநொச்சிப் பக்கத்து ஸ்கந்தபுரத்திலேயே நான் ஒருத்திதான்.

நான் இராமநாதபுரம் பக்கத்தில் பிறந்தவள். அகதி முகாமிலிருந்து எங்கள் தெருவுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவரைக் கட்டிக்கொண்டேன். சண்டை ஓய்ந்து அவர் ஊர் திரும்பியபோது நானும் கைக்குழந்தையோடு கூடவே வந்தேன். அன்றிலிருந்து இங்கே நான் இந்தியாக்காரி. வருசா வருசம் கொழும்புக்குப் போய் விசாவைப் புதுப்பிக்க வேண்டும். அவரும் கூட வந்து, இவள் என் மனைவிதான் என்று கையெழுத்துப் போட வேண்டும். வீட்டில் சண்டை முற்றினால், "விசா மாதம் வருது, பாத்துக் கதை" என்பார். நானும் பார்த்துக் கதைத்ததே இல்லை.

ஒரு பெரும்போக நெல் விதைப்பின்போது அவர் ட்ரக்டரிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தும் வாய் மட்டும் ஓயவில்லை. "நான் செத்தா உன்ர விசாவும் என்னோட சேந்து செத்துப்போம். அதால என்னை வடிவாப் பார்" என்றார். அவர் முன்னால் சிரித்துவிட்டு வெளியே போய் அழுதேன். பகிடிதான், ஆனால் அத்தனையும் உண்மை. எங்கள் வயல் அரசாங்கம் உத்தரவுப் பத்திரத்தில் கொடுத்த காணி. அவருக்குப் பிறகு அது என் கைக்கு வரவேண்டுமென்றால் நான் இந்த நாட்டுக்காரியாக இருக்க வேண்டும். அதுவரை, நான் களை பிடுங்கும் வயலிலேயே நான் விருந்தாளி.

குடியுரிமைக்கு எழுதிப் போடுவோம் என்று முடிவு செய்தோம். எனக்குத்தான் ஒரு விசயம் இடித்தது. இந்தியாவில் இரண்டு குடியுரிமை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். இதை எடுத்தால் அதை விட வேண்டும். விட்டால், என் அம்மாவைப் பார்க்கப் போவதற்கு நான் விசா கேட்டு நிற்க வேண்டும். அப்பாவும் இல்லாத வீட்டில் தனியாக இருக்கிற மனுசியிடம் இதை எந்த வாயால் சொல்வது? பிறகு சொல்லலாம், பிறகு சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

இதற்கிடையில் பக்கத்து வீட்டு அக்கா எனக்கு டியூசன் தொடங்கிவிட்டார். அவருடைய தம்பி கனடாவில் சோதனை எழுதிக் குடியுரிமை எடுத்தவர். அக்காவுக்கு உலகத்தில் எந்த நாடாக இருந்தாலும் அதுதான் நடைமுறை. "தேசிய கீதம், சரித்திரம், ஆறு, மலை எல்லாம் கேப்பினம். பிழைச்சால் திருப்பித்தான் எழுத வேணும். உமக்கு அந்தக் கரைச்சல் ஏன்? வாரும், இருந்து படியும்" என்றார். ஒரு நாள் தம்பியையே வீடியோவில் கூப்பிட்டு என் முன்னால் நிறுத்தினார். அவர் பனிக்குள் நின்றுகொண்டு, "பயப்பிடாதேங்கோ, நான் முதல் தரத்திலயே பாஸ்" என்று தைரியம் சொன்னார்.

மகளின் பள்ளிக்கூடப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு பாடமாக்கினேன். தேங்காய் துருவும்போது தேசிய கீதம், உடுப்புத் தோய்க்கும்போது மாகாணங்கள். விசயம் ஒழுங்கை முழுக்கப் பரவி, கடைக்குப் பருப்பு வாங்கப் போனாலும் மகாவலி ஆறு எங்கே தொடங்குகிறது என்று கேட்டுவிட்டுத்தான் நிறுத்துத் தந்தார்கள். ஒரு நாள் அக்கா தேசியப் பறவை என்ன என்று கேட்க, நான் யோசிக்காமல் "மயில்" என்றேன். அது இந்தியாவுக்கு. "காட்டுக்கோழி!" என்று அக்கா தலையில் கையை வைத்தார். காலைக் கதிரையில் நீட்டிக்கொண்டிருந்த என் மனுசன், "எங்கட நெல்லு முழுக்கத் தின்னுறதே மயில்தான். அதின்ர பேரைச் சொன்னால் உள்ள விசாவையும் பறிச்சுப்போடுவாங்கள்" என்றார். காட்டுக்கோழி, காட்டுக்கோழி என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கொழும்பில் எங்களைக் கூப்பிட்ட அதிகாரி ஒரு சிங்களப் பெண். நிதானமாகத் தமிழ் பேசினார். நான் முதுகை நிமிர்த்தி, தேசிய கீதத்தின் முதல் வரியை நாக்கு நுனியில் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கலியாணப் பதிவைப் பார்த்தார், பிள்ளையின் பதிவைப் பார்த்தார், கிராம அலுவலரின் கடிதத்தைப் பார்த்தார், என் மனுசனின் நொண்டலையும் பார்த்தார். ஆறும் கேட்கவில்லை, மலையும் கேட்கவில்லை.

"இந்தியக் குடியுரிமையை விட வேணும். அங்க யார் இருக்கிறாங்க?" என்றார்.

"அம்மா."

"அவங்களுக்குத் தெரியுமா?"

இத்தனை நாள் படித்த படிப்பில் இது வரவே இல்லை. நான் மேசையிலிருந்த கடிதங்களை அடுக்கத் தொடங்கியதைப் பார்த்து, "சொல்லிட்டு வந்து கையெழுத்துப் போடுங்க. நான் சாப்பிட்டுட்டு வாறன்" என்று எழுந்து போனார். அந்தப் பெண்ணை இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன்.

வாசலில் நின்று அம்மாவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். "கையெழுத்துப் போட்டா அந்த வயலு உனக்கு வருமா?" என்றார் அம்மா.

"வரும்மா."

"அப்பப் போடு. என்னைப் பாக்குறதுக்கு விசாவா? அந்த அளவுக்கு நான் பெரிய ஆளாயிட்டேன்னு நெனைச்சுக்கிறேன்" என்றார்.

கையெழுத்துப் போட்டேன்.

ஊர் திரும்பியதும் அக்கா வாசல் படலைக்கே வந்துவிட்டார். "என்ன கேட்டவை?" அந்த முகத்தைப் பார்த்து ஒன்றுமே கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "தேசியப் பறவை கேட்டவை, அக்கா. காட்டுக்கோழி எண்டனான்" என்றேன். அன்றிரவே செய்தி கனடாவுக்குப் போய்விட்டது.

சில மாதங்களில் குடியுரிமைப் பத்திரம் வந்தது. இந்தியத் தூதரகத்தில் என் பழைய பாஸ்போர்ட்டை மூலை வெட்டித் திருப்பித் தந்தார்கள். புதிய பாஸ்போர்ட் எடுத்ததும் முதல் வேலையாகக் கிளிநொச்சிக்குப் போய், ஒரு கடையில் இந்திய விசாவுக்கு விண்ணப்பம் எழுதினேன். கணினியில் தட்டிக்கொண்டிருந்த பிள்ளை தலை நிமிராமலே, "இந்தியாவில உங்களைத் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இருக்கினமோ அக்கா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவின் பெயரைச் சொன்னேன்.

அம்மாவிடம் இதைச் சொன்னதுதான் தாமதம், அடுத்த நாளே போன் வந்தது.

"போலீசு வந்து விசாரிச்சா என்னடி சொல்லணும்?"

"யாரும் வரமாட்டாங்கம்மா."

"வந்தா? நான் மனப்பாடமே பண்ணி வச்சிருக்கேன், கேளு. 'அவ எம் மக. நல்ல புள்ள. வம்பு தும்புக்குப் போகமாட்டா. ஒரு மாசம் எங்கூட இருப்பா...'"

"'அப்புறம் திரும்பிப் போயிருவா'ன்னு சொல்லணும்மா" என்று எடுத்துக்கொடுத்தேன்.

"அது மட்டுந்தாண்டி மண்டையில ஏறமாட்டேங்குது" என்றார் அம்மா. "போலீசு வந்தா அதை நீயே சொல்லிக்க."