வால்கொழுப்பு தடவிய டயர்

கோபிப் பாலைவனத்தில் ஷாராவின் முகத்தைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவன் வாயைத் தெரியாதவர்கள் கிடையாது. ஒட்டகம் மேய்ப்பவன். ஐம்பதைத் தாண்டியவன். கால்கள் இரண்டும் சேணத்துக்கென்றே வளைந்து போனவை. கொடுத்த வாக்கை மட்டும் மீறமாட்டான், அவனுடைய கோளாறே அதுதான். யோசித்து வாக்குக் கொடுக்கிறவன் மீறாமல் இருந்தால் அது பெருமை. ஷாராவோ புளித்த ஒட்டகப் பாலை ஒன்றிரண்டு கிண்ணம் உள்ளே தள்ளிவிட்டு வாக்குக் கொடுப்பான். தான் என்ன சொன்னோம் என்பதை மறுநாள் காலையில் மனைவி யாஞ்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்வான்.

சிவப்பி விஷயத்தில் நடந்ததும் இதுதான். சிவப்பி ஒரு பெண் ஒட்டகம். யாஞ்மாவின் அண்ணன் தாக்வாவிடம் ஒரு நல்ல குதிரையைக் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்தது. இரண்டு திமிலும் விறைப்பாக நிற்கும். பாலுக்குக் குறைவே இல்லை. பெற்ற பிள்ளைகளைக்கூட ஷாராவ் அப்படித் தடவிக்கொடுத்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் ஒட்டகத்துக்குப் பிறந்த இடத்தை மறக்கத் தெரியாது. வசந்தம் வந்து பனி கரைந்ததும் சிவப்பி தெற்கே மூக்கைத் தூக்கும். மறுநாள் காலையில் ஆளைக் காணோம். காலைக் கட்டிவைத்துப் பார்த்தான். கயிற்றைக் கடித்தே அறுத்தது. கல்மலையைத் தாண்டி, மணல்மேடுகளைத் தாண்டி, தாக்வாவின் கிணற்றடியில் போய் நின்றுகொள்ளும். ஷாராவ் பின்னாலேயே போய், மச்சானின் கேலியை எல்லாம் வாங்கிக்கட்டிக்கொண்டு, ஓட்டிக்கொண்டு வருவான்.

இரண்டு வசந்தம் இப்படிப் போனது. அதன் பிறகு ஒரு கல்யாண வீட்டில் தாக்வா, அந்த ஒட்டகம் உன்னிடம் தங்காது மச்சான், பேசாமல் விட்டுவிடு என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டான். ஷாராவுக்குச் சுருக்கென்றது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

"இன்னொரு தடவை அது உன் கிணத்துக்கு வந்து தண்ணி குடிச்சிட்டா, அது உனக்கே மச்சான். அதுக்கப்புறம் நான் வாயே திறக்கமாட்டேன்."

அவன் வாயைத் திறக்கமாட்டான் என்பதை மட்டும் யாரும் நம்பவில்லை. மற்றதை எல்லோரும் நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டார்கள்.

ஆக, அடுத்த வசந்தத்தில் சிவப்பி கிணற்றை எட்டுவதற்குள் பிடித்தாக வேண்டும். அதற்கு மோட்டார் சைக்கிளை விட்டால் வழியில்லை. மோட்டார் சைக்கிளுக்கோ டயர் சரியில்லை. முதல் வசந்தத்தில் அவன் போட்டிருந்தது மணல் டயர்: உயரமான பற்கள், மெத்தென்ற ரப்பர். கல்மலை ஏறும்போதே ஒரு கூரான கல் அதன் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. இரண்டாவது வசந்தத்தில், இனி கல்லுக்குத்தான் மரியாதை என்று, பல் தேய்ந்த கிழவன் வாய் மாதிரி வழவழவென்று இறுகிய ஒரு டயரை மாட்டினான். கல்லில் அருமையாக ஓடியது. மணலில் அச்சு வரைக்கும் தோண்டிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

எனவே அந்த இலையுதிர் காலத்தில் நகரத்துச் சந்தைக்குப் போனான். அங்கே அறை அளவு இருந்த ஒரு பழைய இரும்புச் சரக்குப் பெட்டிக்குள் தோல்கோர் என்ற பெண் டயர் வியாபாரம் செய்தாள். சூரியகாந்தி விதையைக் கொறித்துக் கொறித்துத் துப்பியபடியே பேசுவாள். ஷாராவ் டயரை டயராகப் பார்க்கவில்லை. குதிரைக்குப் பல் பிடித்துப் பார்ப்பது போல விளிம்பை விரித்துப் பார்த்தான், முகர்ந்தான், பக்கவாட்டில் தட்டிக்கொடுத்தான். ஒன்றைச் சுற்றிவந்து பின்பக்கம் வேறு பார்த்தான். கல்லிலும் கிழியக்கூடாது, மணலிலும் புதையக்கூடாது, அப்படி ஒன்று கொடு என்றான்.

தோல்கோர் விதையைத் துப்பினாள். "கல்லுக்குப் பக்கவாட்டு தடிமனா, ரப்பர் கெட்டியா இருக்கணும். மணலுக்குப் பல்லு உயரமா, இடம் விட்டு இருக்கணும். ஒரே டயர்ல ரெண்டுமே பாதிப் பாதிதான் கிடைக்கும் அண்ணே. மீதிப் பாதி காத்துல இருக்கு. கல்லு வந்தா காத்தை ஏத்து, மணல் வந்தா இறக்கு."

அப்படி நடுவாந்தரமான ஒரு ஜோடியை எடுத்துப்போட்டாள். கூடவே சிறிய இரும்புப் பிடி ஒன்றையும் நீட்டினாள். காற்றை இறக்கினால் டயர் சக்கரத்து வளையத்தை விட்டு வழுக்கும், இதை உள்ளே வைத்து முடுக்கிவிட்டால் இரண்டையும் சேர்த்துக் கவ்விக்கொள்ளும் என்றாள். ஷாராவுக்கு அது பிடிக்கவில்லை. தலையில் பானையைக் கவிழ்த்துக்கொண்டு வெளிநாட்டிலிருந்து வந்து வண்டி ஓட்டி விழுந்து வாருகிறார்களே, அவர்களுக்கு விற்றுக்கொள், எனக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று சொல்லிவிட்டு டயரை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவனுக்கு ஒரு குறை தட்டியது. டயர் காய்ந்த தயிர்க்கட்டி மாதிரி விறைத்துக்கொண்டு இருந்தது. அவன் கூடாரத்தில் புதிதாக வருகிற எதுவும் அப்படியே உபயோகத்துக்குப் போனதில்லை. கடிவாளமோ, சேணத்து வாரோ, பூட்ஸோ, செம்மறியின் வால்கொழுப்பைத் தேய்த்து ஊறவைத்துப் பதப்படுத்தினால்தான் அவனுக்கு நிம்மதி. கொழுப்பை உருக்க ஆரம்பித்தான். என்ன செய்கிறாய் என்று யாஞ்மா கேட்டாள்.

"ரப்பர்னா என்ன? மரத்தோட தோல்தானே? தோலுக்குக் கொழுப்பு தடவாம எவனாவது போடுவானா?"

"அப்ப அந்த மரத்துகிட்ட பாலும் கறந்துட்டு வா" என்று சொல்லிவிட்டு அவள் தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

அவன் காதில் எதுவும் ஏறவில்லை. உள்ளே, வெளியே, வளையத்தில் உட்காருகிற விளிம்பு என்று ஓர் இடம் விடாமல் தேய்த்தான். மாட்டும்போது டயர் வழுக்கிக்கொண்டு போய்ச் சுகமாக உட்கார்ந்தது. பார்த்தாயா, கடப்பாரையே வேண்டியிருக்கவில்லை என்று யாஞ்மாவிடம் பீற்றிக்கொண்டான். குளிர்காலம் முழுக்க அவர்கள் நாய் அந்தச் சக்கரத்தின் பக்கத்திலேயே குடியிருந்தது. ஆட்கள் அசந்த நேரத்தில் நக்கியது.

வசந்தம் வந்தது. ஒரு நாள் புழுதிக்காற்று அடங்கிப் பார்த்தால் சிவப்பி இல்லை, போன வருஷம் போட்ட பெண் குட்டியும் இல்லை. காற்று அழித்துவிட்ட தடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கே அடுத்த நாளாகிவிட்டது. போகிற வழி நல்லபடி அமைய யாஞ்மா வண்டியின் பின்னால் பால் தெளித்து அனுப்பினாள். போய்ப் பிடித்துக்கொண்டு வா, வெறுங்கையோடு வந்து என் அண்ணனைத் திட்டிக்கொண்டிருக்காதே என்றாள்.

கல்மலையில் அந்த டயர் போன போக்கைச் சொல்ல வேண்டும். கத்தி மாதிரிக் கல் எல்லாம் அதன் கீழே நசுங்கிக் கிடந்தது. கணவாயின் உச்சியில் இருந்த கல்குவியலை அவசரத்திலும் மூன்று சுற்றுச் சுற்றி, ஒரு கல்லையும் போட்டு, வாய்க்கு வந்ததை வேண்டிக்கொண்டான். மணல் ஆரம்பித்த இடத்தில் இறங்கி, தோல்கோர் சொன்னபடி காற்றை இறக்கினான். வண்டி மணல்மேல் மிதந்து போனது. ஷாராவ் பாட ஆரம்பித்துவிட்டான்.

பெரிய மேடு ஒன்றின் பாதி ஏற்றத்தில் வேகத்தை முறுக்கினான். சக்கரம் சுற்றியது, டயர் நின்ற இடத்திலேயே நின்றது. டயரோடு நின்றுவிட்ட டியூபிலிருந்து வால்வு வேரோடு பிய்ந்து, இருந்த கொஞ்சக் காற்றும் புஸ்ஸென்று போய்விட்டது. ஷாராவ் இறங்கி, விளிம்புக்குள் விரலை விட்டான். விரல் பளபளவென்று கொழுப்போடு வெளியே வந்தது.  பிறகு விரலைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு, தன் அப்பன் பாட்டன் எல்லோரையும் ஒரு மூச்சுத் திட்டிவிட்டு நடக்க ஆரம்பித்தான்.

கடைசி மேட்டின் உச்சியிலிருந்து தாக்வாவின் கூடாரமும் கிணறும் தெரிந்தன. கிணற்றுக்கு இந்தப் பக்கம், ஒரு புதரின் ஓரத்தில், சிவப்பியும் குட்டியும் நின்றன. இன்னும் கிணற்றை எட்டவில்லை. ஷாராவ் பாதி ஓடியும் பாதி உருண்டும் இறங்கி, மூக்குக்கயிற்றைப் பிடித்துவிட்டான். பிடித்தே விட்டான். அந்தச் சந்தோஷத்தில் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

தாக்வா கூடாரத்திலிருந்து வந்தான். சண்டையானாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. மூக்குப்பொடிச் சிமிழை மாற்றிக்கொண்டார்கள், குளிர்காலம் எப்படிப் போயிற்று, கால்நடை சுகமா என்றெல்லாம் விசாரித்துக்கொண்டார்கள். சரி, பிடித்துவிட்டாய், ஓட்டிக்கொண்டு போ என்றான் தாக்வா.

ஷாராவ் கயிற்றை வடக்கே இழுத்தான். சிவப்பி நகரவில்லை. கிணற்றையே பார்த்துக்கொண்டு நின்றது. உதடு வெடித்திருந்தது. குட்டி தாயின் வாயை நக்கிப் பார்த்துவிட்டுக் கத்தியது. திரும்பிப் போகிற வழியில், மணலையும் மலையையும் தாண்டுகிற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஒட்டகம் தாங்கும், அது ஊரறிந்த விஷயம். ஷாராவுக்குத்தான் தாங்கவில்லை. தாகத்தோடு வந்த உயிரைக் கிணற்றைக் காட்டித் திருப்பி ஓட்டியவன் என்ற பெயர் கோபியில் எவனுக்கும் வேண்டாம். ஆனால் அன்றைக்கு அவன் பெயரைப் பற்றியெல்லாம் நினைக்கவில்லை, அந்த உதட்டைத்தான் பார்த்தான்.

கயிற்றைத் தெற்கே திருப்பினான். பழைய டயரை வெட்டித் தைத்த வாளி கிணற்றடியில் கிடந்தது. அதில் தன் கையாலேயே இறைத்து இறைத்துத் தொட்டியில் ஊற்றினான். சிவப்பி குடிக்கக் குடிக்க அவன் அழுதான். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, மச்சான், உன் பொடி ரொம்பக் காரம் என்றான்.

"குடிச்சிருச்சு மச்சான்" என்றான் தாக்வா. மனுஷனுக்கு இரக்கம் என்பது மருந்துக்கும் இல்லை. குட்டியைப் பிரித்தால் தாய்க்குப் பால் நின்றுவிடும், அதையும் விட்டுவிட்டுப் போ என்று வேறு சொன்னான். குட்டி ஷாராவின் கூடாரத்து வாசலில் பிறந்தது. கொடுத்த வாக்கில் அது இல்லவே இல்லை. ஆனாலும் தாயையும் பிள்ளையையும் பிரிக்க மனம் வராமல் அதையும் விட்டுக்கொடுத்தான். வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை.

"பேச்சுன்னா ரெண்டு பக்கமும் ஒன்னுதான் மச்சான். சிவப்பி என் கிணத்துக்கு வந்து தண்ணி குடிச்சா எனக்கு."

தாக்வா சிரித்த சிரிப்பில் அவன் தொப்பி கீழே விழுந்தது. பிறந்த இடத்தை விட்டுவிட்டு எந்த ஒட்டகம் அங்கே வரப்போகிறது? தாராளமாக என்று கை கொடுத்தான்.

சிவப்பிக்கு முடி கழலுகிற காலம். உடம்பெல்லாம் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. ஒட்டகம் உனக்கு, இந்த வருஷத்து முடி என் புல்லைத் தின்று வளர்ந்தது என்று ஷாராவ் அதைப் பிய்த்துக் கோணியில் அடைத்தான்.  வண்டி நின்ற மேடு வரைக்கும் தாக்வா வேடிக்கை பார்க்கக் கூடவே வந்தான். ஷாராவ் டயரைப் பிரித்து, மணலைப் போட்டுக் கொழுப்பைத் தேய்த்தெடுத்து, டியூப் இருந்த இடத்தில் சிவப்பியின் முடியைத் திணித்தான். கல்லால் அடித்து அடித்துத் திணித்தான். தாக்வா டயரைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தான். கல்மலையைத் தாண்டியும் ஒரு கீறல் இல்லை, இது எப்படி என்று கேட்டான்.

எப்பேர்ப்பட்ட தோல்வியிலும் ஷாராவால் இந்தக் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்ல முடியாது. "டியூப்தான் மட்டமான டியூப் மச்சான். டயருக்கு வால்கொழுப்பு தடவியிருக்கேன். யாருகிட்டயும் சொல்லிராதே."

தாக்வா டயரை முகர்ந்து பார்த்துத் தலையாட்டினான்.

ஒட்டகமுடி டயரில் குதித்துக் குதித்து ஷாராவ் வீடு வந்து சேர்ந்தான். யாஞ்மா திட்டவில்லை. அவள் திட்டாததுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. அந்த வருஷம் முழுக்க, பால் கறக்கிற நேரத்தில் மட்டும் அவன் கூடாரத்தை விட்டு எங்கேயாவது போய்விடுவான்.

மறு வசந்தத்தில் ஒரு நண்பகல், கிணற்றடியிலிருந்து யாஞ்மா அவனைக் கூப்பிட்டாள். குட்டி வந்துகொண்டிருந்தது. அதற்குள் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தது. ஒட்டகத்துக்குப் பிறந்த இடத்தை மறக்கத் தெரியாது. இந்தக் குட்டி பிறந்ததோ இங்கே. அதன் பின்னால், வழியெல்லாம் அலுத்துக்கொண்டே வந்த மாதிரி, சிவப்பி. ஷாராவ் வாளியை எடுத்தான். அவசரமாக ஊற்றியதில் பாதித் தண்ணீர் அவன் பூட்ஸில்தான் விழுந்தது. சிவப்பி தொட்டியைக் காலி செய்துவிட்டுத் தலையைத் தூக்கி அவன் முகத்திலேயே தும்மியது. அவன் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

சில நாள் கழித்து ஒரு தண்ணீர் லாரி வந்து நின்றது. தாக்வா இறங்கினான், தோளில் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தோடு. சிவப்பியைத் தேடி வந்த வழியில், மணலின் நடுவில் வால்வு பிய்ந்துபோய், வண்டியை அங்கேயே போட்டுவிட்டு வந்திருந்தான். நாய் ஓடிப்போய்ச் சக்கரத்தை நக்க ஆரம்பித்தது. மூக்குப்பொடி மாறியது, கால்நடை சுகம் விசாரித்தாயிற்று. தொட்டியடியில் நின்ற சிவப்பியைத் தாக்வா பார்த்தான். குடித்துவிட்டதா என்று கேட்கவில்லை.

"காத்தை இறக்கினேன் மச்சான். டயரு அப்படியே நிக்குது, சக்கரம் மட்டும் சுத்துது. நீ சொன்ன மாதிரிதானே தடவினேன்."

யாஞ்மா கணவனின் முகத்தையே பார்த்தாள். ஷாராவ் சக்கரத்தை வாங்கி மடியில் வைத்து, விளிம்புக்குள் விரலை விட்டு, முகர்ந்து பார்த்தான்.

"தடவினது கிடா வாலா, பெட்டை வாலா?"

"பெட்டை" என்றான் தாக்வா.

ஷாராவ் பரிதாபமாகத் தலையை ஆட்டினான். "அதான் மச்சான்" என்று சொல்லிவிட்டு, டயரில் திணிக்கச் சிவப்பியிடமிருந்து முடி பிய்க்க எழுந்து போனான்.